பில் எகிறுவது எங்கே? ஜப்பானிய உணவகங்கள் பற்றிக் கேள்வி-பதில்

கேள்வி: வேலை மாறி டோக்கியோ வந்து ஆறு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் கோவையிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகள் (9 வயது, 4 வயது), மாமியார் எல்லோரும் வருகிறார்கள். மாமியார் சுத்த சைவம். வீட்டுப் பக்கத்து ஷாபு ஷாபு கடையில் (மேசையிலேயே கொதிக்கிற சட்டியில் மெல்லிய இறைச்சித் துண்டுகளை அலசிச் சாப்பிடுகிற இடம்) 'எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், 3,500 யென்' என்று பலகை இருக்கிறது. அழைத்துப் போகலாமா, காசு வீணாகுமா?

பதில்: முதலில் அந்தப் பலகையை இன்னொரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள். 3,500 பெரிதாக இருந்தால் அதன் கீழேயோ பக்கத்திலேயோ பொடி எழுத்தில் 3,850 என்று இருக்கும். உட்கார்ந்து சாப்பிட்டால் நுகர்வு வரி 10 சதவீதம், பார்சல் வாங்கினால் 8. வரி சேர்த்த விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம், ஆனால் இரண்டு விலையையும் சேர்த்துப் போட அனுமதி உண்டு, அதனால் நம் கண் பெரிய எழுத்துக்குத்தான் போகும். 'ஸெய்கோமி' என்றால் வரியோடு, 'ஸெய்னுகி' என்றால் வரி இல்லாமல். இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஜப்பானில் இருக்கிற வரைக்கும் உதவும்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். பெரியவர்கள் மூன்று பேர், 11,550 யென். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பல கடைகளில் பாதி விலை, அதாவது 1,925. நாலு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். ஆக 13,475. ஜூஸ், கோலா எல்லாம் இதில் சேராது, 'டிரிங்க் பார்' என்று தலைக்குச் சில நூறு யென் தனியாக வரும்.

இப்போது மாமியார் விஷயம். 'தாபேஹோதாய்' கடைகளில் (எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் பெயர்) ஒரு மேசையில் உட்காருகிற எல்லோரும் ஒரே கோர்ஸ் எடுக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. அவர் முட்டைக்கோஸும் டோஃபுவும் மட்டும் சாப்பிட்டாலும் 3,850 தான். நடுவில் தடுப்பு வைத்த சட்டி கேட்டு, ஒரு பக்கம் கொம்பு என்கிற கடற்பாசிச் சாறு மட்டும் ஊற்றச் சொல்லலாம். ஆனால் தொட்டுக்கொள்ளத் தருகிற பொன்ஸு என்கிற புளிப்புச் சாஸ், எள் சாஸ் இரண்டிலும் பல நேரம் மீன் சாறு கலந்திருக்கும். பக்கத்துச் சட்டியில் இறைச்சி கொதிக்க, அந்தக் கரண்டி இந்தப் பக்கம் வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே அவர் சாப்பிட வேண்டும். நான் என் அம்மாவை ஒருமுறை இப்படி உட்கார வைத்தேன், வெறும் உப்பு கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன், அவரை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

அதற்குப் பதில் 'பைக்கிங்கு' என்று போட்டிருக்கும் இடத்தைத் தேடுங்கள். நாமே தட்டெடுத்துப் போய்ப் பரிமாறிக்கொள்கிற பஃபேவுக்கு அங்கே அதுதான் பெயர், டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958-ல் இந்த முறையைத் தொடங்கியபோது வைத்த பெயர் அப்படியே நாடு முழுக்கப் பரவிவிட்டது. பழம், ரொட்டி, சாலட் என்று எதை எடுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தே எடுக்கலாம். மிசோ சூப்பை மட்டும் தொட வேண்டாம், அது மீன் சாற்றில்தான் செய்யப்படும். நிம்மதியாக வயிறு நிறைய வேண்டும் என்றால் இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கிற நிஷி கசாய் பக்கம் ஒரு நாள் போய்வாருங்கள்.

ஷாபு ஷாபுவுக்கு நீங்கள் மற்றவர்களோடு தனியாகப் போனால் வார நாள் மதியம் போங்கள், விலை குறைவாக இருக்கும். உட்கார்ந்ததும் நேரத்தைக் கவனியுங்கள். மேசைக்கு வரும் சீட்டிலோ திரையிலோ முடியும் நேரம் இருக்கும், 18:05-க்கு உட்கார்ந்தால் 19:45 என்பது போல. பல கடைகளில் கடைசி ஆர்டரை அதற்கு 20, 30 நிமிடம் முன்பே முடித்துவிடுவார்கள். கையில் இருக்கிற உண்மையான நேரம் ஒரு மணி சொச்சம்தான். அதற்காக முதலிலேயே பத்துத் தட்டு அடுக்கிவிடாதீர்கள், நிறைய மீதம் வைத்தால் தனியாகக் காசு கேட்கும் கடைகள் உண்டு. இரண்டிரண்டு தட்டாகச் சொல்லுங்கள், இறைச்சியின் இளஞ்சிவப்பு நிறம் போகிற வரை அலசி எடுத்தால் போதும், சீக்கிரம் ஆகிவிடும்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் இசாகயாவுக்கு (மதுவோடு சின்னச் சின்னப் பதார்த்தங்கள் தருகிற ஜப்பானியக் கடை) போனோம். கேட்காமலேயே சின்னக் கிண்ணத்தில் ஏதோ வைத்தார்கள். பில்லில் அதற்குத் தலைக்கு 400 யென்! போதாததற்குக் கடைசியில் 10 சதவீதம் வேறு. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று இல்லை, ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் வந்த முதல் வாரத்தில் இதே நடந்தது, நாலு துண்டு பூசணிக்காய், மேலே இரண்டு எள். ஆசையாகச் சாப்பிட்டேன், பில் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதன் பெயர் 'ஒதோஷி', ஒசாகா பக்கம் 'ட்ஸுகிதாஷி' என்பார்கள். மேசைக் கட்டணம் மாதிரி, 300 முதல் 500 யென் வரை சாதாரணம். சாப்பிடாவிட்டாலும் பில்லில் வரும். டிப்ஸ் என்கிற வழக்கமே இல்லாத நாடு, அதனால் நான் இதை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் உட்காரும்போதே "ஒதோஷி நாஷி தே" என்று கேட்டுப் பாருங்கள், சில கடைகள் ஒத்துக்கொள்ளும். கிண்ணம் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அந்த 10 சதவீதம் இரவு நேரக் கட்டணமாக இருக்கலாம், பல கடைகளில் இரவு 10 மணிக்கு மேல் போடுவார்கள். மெனுவின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஆனால் தெருவில் நின்று கூப்பிட்டவர் பின்னால் போன கடை என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஷிஞ்சுகுவின் கபுகிச்சோ பகுதியில் அப்படிப் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிக்கொண்டிருப்பார்கள். பில்லைக் கையில் வாங்குங்கள், ஒவ்வொரு வரியையும் கேளுங்கள், மிரட்டினால் பக்கத்துக் காவல் சாவடிக்குப் போங்கள், 'கோபான்' என்றால் யாரும் வழி காட்டுவார்கள். பிறகு புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 188.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஆசை காட்டி ஓடும் பெல்ட் சுஷி கடைக்கு அழைத்துப் போனேன். பெல்ட்டில் ஒரு தட்டும் வரவில்லை. எல்லா இடமும் இப்படித்தானா?

பதில்: 2023 தொடக்கத்தில் ஒரு இளைஞன் மேசையிலிருந்த சோயா பாட்டிலை நக்கிய காணொளி பரவியது, அதற்குப் பிறகு பெரிய கடைகள் பல, தட்டைச் சும்மா சுற்ற விடுவதைக் குறைத்துவிட்டன. திரையில் தட்டினால் நமக்கு மட்டும் தனிப் பாதையில் வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அதுவும் பிடிக்கும். சுற்றுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அங்கே தட்டின் நிறத்துக்கு ஒரு விலை, எடுத்த தட்டைத் திருப்பி வைக்கக் கூடாது. அப்புறம், பல கடைகளில் மேசையோரம் ஒரு சின்னக் குழாய் இருக்கும், கோப்பையால் அழுத்தினால் தண்ணீர் வரும். அது கை கழுவ இல்லை, கிரீன் டீ போடக் கொதிக்கக் கொதிக்க வரும் வெந்நீர். பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.