பதில்: தொட்டியருகே சுழியம் காட்டும் கேஸ் டிடெக்டர்

வணக்கம் ஐயா. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வாயில் அழுகிய முட்டை நாற்றம் வீசியும், நான்கு வாயுக்களை அளக்கும் உங்கள் டிடெக்டர் அந்த நாற்றத்துக்குரிய நச்சுவாயுவான ஹைட்ரஜன் சல்பைடைச் சுழியமாகவே காட்டுவதாகவும், வெளி கேட்டருகே கொண்டுவந்தால் அந்த எண் மைனஸில் இறங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். கருவியைத் தொட்டியருகிலேயே ஆன் செய்து அங்கேயே ஜீரோ செய்திருப்பார்கள் (அங்குள்ள காற்றையே சுழிய அளவாக அமைத்திருப்பார்கள்) என்றே கருதுகிறேன். அவ்வாறு செய்தால் அங்கிருந்த வாயுவையே சுத்தமான காற்றாகக் கொண்டு, பின்வரும் ஒவ்வோர் அளவையும் அது குறைத்துக் காட்டும்.

தொட்டியும் ஜெனரேட்டர் புகையும் எட்டாத திறந்த வெளியில் மீண்டும் ஜீரோ செய்யுங்கள்; ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். ஆயினும் சென்சார் வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றாகாது என்பதால், நாள்தோறும் வேலைக்கு முன் செறிவு தெரிந்த சோதனை வாயுவைச் செலுத்தி, அளவு ஏறி அலாரம் ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறினால் முழு காலிபரேஷன், அதாவது சோதனை வாயுவின் செறிவுக்கு ஏற்பக் கருவியின் அளவைச் சரிசெய்தல். அதிலும் தவறினால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். சோதனை சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பலரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

கருவியைத் துடைக்க ஈரத்துணி போதும். சிலிக்கோன் கலந்த பாலிஷ், எரிவாயுவை அறியும் கேட்டலிட்டிக் சென்சாரை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

மீத்தேன் மேலேறும், ஹைட்ரஜன் சல்பைடு கீழே தங்கும் என்பதால், மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் கருவிக்குக் காற்றை உறிஞ்சித் தரும் குழாயை இறக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். மூக்கை நம்ப வேண்டாம்: ஹைட்ரஜன் சல்பைடு சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் இருந்தால் அதன் நாற்றமே தெரியாமல் போய்விடும். கருவி தேறும்வரை எவரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.