ஹெவி லைசென்ஸ் வந்த மறுநாளே தனியாக லோடு எடுக்கலாமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 21 வயது. கார் லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மன்னார்குடி பக்கம் ஒரு ஆறு சக்கர லாரியில் கிளீனராக இருக்கிறான். சம்பா அறுவடைக்குள் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டால் வண்டியை அவன் கையிலேயே கொடுத்துவிடுவதாக ஓனர் சொல்கிறார். டிரைவிங் ஸ்கூலில் முப்பது நாள் போதும் என்கிறார்கள். உண்மையில் எத்தனை நாள் பழகினால் தனியாக ஓட்டலாம்?

பதில்: முப்பது நாள் என்பது லைசென்ஸுக்கான கணக்கு. தனியாக லோடு வண்டி எடுக்க, லைசென்ஸ் வந்த பிறகு இன்னும் நான்கு மாதமாவது அனுபவமுள்ள டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வரும் சம்பா அறுவடையில் உங்கள் அக்கா மகன் செகண்ட் டிரைவராக ஓட்டட்டும். அடுத்த குறுவை அறுவடைக்கு வண்டியைத் தனியாகக் கொடுக்கலாம். ஓனரிடம் இதையே சொல்லுங்கள்.

முதலில் சட்டம். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆன பிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைக்கும். இரண்டிலும் அவருக்குத் தடையில்லை. மருத்துவரின் படிவம் 1ஏ சான்று, டிரைவிங் ஸ்கூலின் படிவம் 5 சான்று இரண்டும் தேவை. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழிந்த பிறகே டெஸ்டுக்குப் போக முடியும். ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வண்டிக்கான பாடத்திட்டம் ஆறு வாரத்துக்குள் 38 மணி நேரம், வகுப்பும் ஓட்டுதலும் சேர்த்து. கிடைத்தால் அதில் சேர்ப்பது நல்லது. சாதாரண ஸ்கூலில் ஒரு வண்டியை நாலைந்து பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் கைக்கு ஸ்டியரிங் வரும் நேரம் மிகக் குறைவு.

எல்.எல்.ஆர். இல்லாமல் "கொஞ்சம் நகர்த்தி விடு" என்று ரோட்டில் ஓட்டச் சொன்னால் ஓட்டவே கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை ஓனரிடமிருந்து திரும்ப வசூலிக்க வழி உண்டு. இந்த ஒன்றைச் சொன்னாலே பெரும்பாலான ஓனர்கள் நிதானித்துவிடுவார்கள்.

இடையில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிகளை கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா 407 எல்லாம் இதில் அடங்கும். ஹெவி எல்.எல்.ஆருக்கு அலையும் நாட்களில் ஒரு 407-ல் லோடு அடித்தால், கண்ணாடி பார்த்து ஓட்டுவதும் ரிவர்ஸ் எடுப்பதும் கைக்கு வந்துவிடும்.

இனி அந்த நான்கு மாதத்தில் என்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. காலி வண்டி, லோடு, இரவு, மழை, மலை இறக்கம் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் கைக்குப் பிடிபட வேண்டும்.

ஆறு சக்கர லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் (மூட்டை) 300 ஏற்றினால் சரக்கு மட்டும் 12 டன். காலி வண்டியில் பழகிய கால் இந்த எடைக்குப் பிரேக்கைத் தாமதமாகவே மிதிக்கும். போதாததற்கு ஏர் பிரேக்கில் மிதித்ததும் பிடிக்காது; காற்று டேங்கிலிருந்து சக்கரம் வரை போய்ச் சேர அரை விநாடி வரை ஆகலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே எட்டு மீட்டர் போயிருக்கும். முதல் மாதம் முழுக்கக் காலி வண்டி, அடுத்து பாதி லோடு, பிறகுதான் முழு லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் பிரேக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் ஓட்டியவருக்கு இது முற்றிலும் புதிது. காலையில் ஸ்டார்ட் செய்து மீட்டரில் காற்று ஏறும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் 7 முதல் 8 பார் (காற்றழுத்த அளவு) வரை ஏறும். ஏறியதும் எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ லீக். ஓடும்போது காற்று குறைந்தால் பஸர் அடிக்கும். அதையும் தாண்டிக் குறைந்தால் பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் தானாகவே இறுக்கிவிடும். புதியவர்கள் இதை எஞ்சின் இழுக்கவில்லை என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள்; பிரேக் லைனிங் தீய்ந்துபோகும். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஏர் டேங்கில் தண்ணீர் சேரும். அடியில் உள்ள வால்வைத் தினமும் திறந்து வடிக்கும் வேலையைக் கிளீனராக இருக்கும்போதே பழகியிருப்பார், விடாமல் தொடரட்டும்.

டெல்டாவில் வண்டி சாய்வது அதிகமும் ஆற்றங்கரை, வாய்க்கால் கரைச் சாலைகளில்தான். மழை பெய்த மறுநாள் தார் நன்றாகத் தெரியும். அதை ஒட்டிய மண் உள்ளே ஊறிப்போயிருக்கும். எதிரே வண்டி வந்தால் லோடு வண்டி தாரை விட்டு இறங்கக் கூடாது. காலி வண்டிதான் ஒதுங்க வேண்டும், அதுவும் கிளீனர் இறங்கி மண்ணை மிதித்துப் பார்த்த பிறகு. இடது சக்கரம் தாரை விட்டு இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டி ஏற்றப் பார்க்கக் கூடாது. விளிம்பில் டயர் உரசி உரசி, திடீரென்று ஏறும்போது வண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்து கவிழும். ஆக்சிலேட்டரை விட்டு, நேராகவே ஓட்டி, வேகம் நன்றாகக் குறைந்தபின் தாரும் மண்ணும் சமமாக இருக்கும் இடத்தில் ஏற்ற வேண்டும்.

கரையிலிருந்து குறுகிய பாலத்துக்குத் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாகக் குறுக்கே வரும். முன்பக்கம் பாலத்துக்குள் நேராக நுழைந்தாலும் பின்சக்கரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துவிடும். முன்னால் கூடுதலாகப் போய்த் திருப்புவதும், உள்பக்கக் கண்ணாடியில் பின்டயரைப் பார்த்துக்கொண்டே திருப்புவதும் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே நூறு முறை செய்து பழக வேண்டியவை.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும். அதன் மேல் பிரேக் போட்டால் மணிகள் டயருக்கடியில் உருண்டு வண்டி வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு, நெல்லின் மேல் போகும்போது பிரேக்கும் திருப்பமும் இல்லாமல் கடக்க வேண்டும். வைக்கோல் பரப்பிய ரோட்டைத் தாண்டியதும் இறங்கி அடியில் பாருங்கள். சைலன்சரில் ஒட்டிய வைக்கோல் புகைந்து தீப்பிடிக்கும். இரவில் பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர்தான் பெரிய ஆபத்து. எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அந்த நேரத்தில் முன்னால் எதுவும் இல்லை என்று நம்பி வேகமாகப் போகக் கூடாது.

இவையெல்லாம் ஊரிலேயே பழகலாம். மலை இறக்கத்தை மட்டும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று எங்கு ஓட்டினாலும் கற்க முடியாது. ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழகலாம், அதோடு சரி. நம் ஊர் டிரைவர் தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாயில் முதன்முறையாக நீண்ட இறக்கத்தைச் சந்திக்கிறார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இறங்குவதும்தான் அங்கே உயிரை வாங்குகின்றன. டிரம் சூடேறியதும் லைனிங் பிடிப்பை இழக்கும். ஒவ்வொரு மிதிக்கும் காற்றும் செலவாகும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு, எஞ்சின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். பாதி இறக்கத்தில் வேகமெடுத்த பிறகு கீழ் கியர் விழாது.

தனியாகக் கொடுக்கும் முதல் மாதம் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு, பகலில், தெரிந்த வழியில் மட்டும். அடுத்து திருச்சி, நாகை என்று நெடுஞ்சாலை. ஒரு நாளில் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பெங்களூர் லோடு கிடைத்தால், முதல் இரண்டு முறையாவது கணவாய் தெரிந்த டிரைவர் ஒருவர் கூடப் போகட்டும். இரண்டு டிரைவருக்கும் பேட்டா கொடுக்க ஓனர் ஒப்புக்கொள்கிறாரா என்று வண்டிப் பொறுப்பை ஏற்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மறுத்தால் பெங்களூர் லோடை உங்கள் அக்கா மகன் எடுக்க வேண்டாம்.