தாய்ப்பாலும் பச்சைக் குழந்தையின் தூக்கமும்: சிஸ்டரிடம் கேளுங்கள்

கே: பிறந்து 12 நாள். பால் குடிச்சுக்கிட்டே தூங்கிடுறான், கீழே போட்டா அரை மணியில அழறான். பால் பத்தலையா சிஸ்டர்?

ப: அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீங்கம்மா. ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒண்ணுக்குப் போய், பிறந்த எடையும் 2 வாரத்துக்குள்ள திரும்பிட்டா பால் போதும். பெரும்பாலும் அரைவயித்துல தூங்கிப்போறதுதான் காரணம். காம்பை மட்டும் சப்பினா வாய் வேகமா அசையும், விழுங்குற சத்தம் வராது. வாயை அகலத் திறந்ததும் அணைச்சுக்கோங்க. தாடை மார்புல பதியணும், காம்பைச் சுத்தியிருக்கிற கருவளையத்தோட கீழ்ப்பாதி உள்ளே போகணும். கண் சொக்கினா மார்பை மெல்ல அழுத்திக் கொடுங்க, திரும்ப விழுங்குவான். அதுக்கும் மசியலைன்னா வாயோரம் சுண்டுவிரல் விட்டு எடுத்து, தோளில போட்டு ஏப்பம், பிறகு துணி மாத்தல், அப்புறம் அடுத்த பக்கம். துணியை நடுவுல மாத்தினா விழிச்சுக்குவான். கடைசியில மாத்தினா வந்த தூக்கமும் போயிடும். ஒரு பக்கம் குடிக்கக் குடிக்கத்தான் பால்ல கொழுப்பு கூடும், அதனால விழுங்கிட்டிருக்கிறப்ப பாதியில பக்கம் மாத்தாதீங்க.

கே: 5 நாள் குழந்தை, ராத்திரி 5 மணி நேரம் எழவே இல்ல. நல்லதுதானே?

ப: இல்லம்மா, எழுப்பிக் கொடுங்க. எடை திரும்புற வரை 3 மணி நேரத்துக்கு மேல விடக்கூடாது. நாளைக்கு 8 முதல் 12 தடவை. எழுப்பியும் சோர்ந்து கிடந்தா உடனே ஆஸ்பத்திரி.

கே: ராத்திரி ஒரு பாலாடை வெந்நீர்?

ப: கூடாது. 6 மாசம் வரை ஒரு சொட்டும் வேண்டாம். வயிறு தண்ணியில நிறைஞ்சா பால் குறையும். ரத்தத்துல உப்பு இறங்கி வலிப்புகூட வரலாம்.

கே: பவுடர் பாலில் ஒரு கரண்டி கூடப் போட்டா நேரம் தூங்குமா?

ப: போடாதீங்க. டப்பாவில் உள்ள அளவுதான். முதல்ல தண்ணி, அப்புறம் பவுடர். கெட்டியானா மலம் இறுகும், உடம்புல நீர் வத்தும்.

கே: சர்க்கரைத் தண்ணி?

ப: தண்ணிக்குச் சொன்னதேதான். தேன், கழுதைப்பாலும் கூடாது.

கே: நாலு பிள்ளைக்கு வசம்பு உரசி ஊத்தித்தான் வளர்த்தேன். அசந்து தூங்குமே!

ப: அந்த அசந்த தூக்கத்துக்குத்தான் நான் பயப்படுறேன் பாட்டிம்மா. பசிச்சும் எழாம ரெண்டு வேளைப் பாலை விட்டா எடை இறங்கும். உரைகல்லில் இருக்கிற கிருமியும் வயித்துக்குள்ள போகும்.

கே: உரசாம கையில கட்டினா?

ப: கை வாய்க்குத்தான் போகும், அறுந்தா தொண்டையில சிக்கும். பாட்டி கைக்கு வேற வேலை இருக்கு: பால் குடிச்சதும் கால்மணி நேரம் நிமிர்த்திப் பிடிங்க, அந்த நேரம் பெத்தவ கண்ணயரட்டும்.

கே: சாயங்காலம் 6 மணியிலிருந்து விடாம குடிக்கிறா.

ப: பல குழந்தைங்களுக்கு அப்படித்தான். கேட்கிறப்ப எல்லாம் கொடுங்க.

கே: குப்புறப் போட்டா நேரம் தூங்குறான்.

ப: மல்லாக்கத்தான் போடணும். தலையணை வேண்டாம்.

கே: ஓமத்தண்ணி அரை ஸ்பூன்?

ப: வேண்டாம்மா. ஏப்பம் எடுத்துவிடுங்க.