வாய் சொல்கிறது, மனசு அடுப்படியில்

கேள்வி: திருமணத்துக்கு முன் யூத மதத்தைத் தழுவினேன். நியூயார்க்கில் இருக்கிறோம். ஜெபங்களை எபிரேயத்தில் பிழையில்லாமல் சொல்கிறேன். மனசுதான் அடுப்படியில் நிற்கிறது. யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தைப் படித்தால் அர்த்தம் பிடிபடும் என்று ஆன்லைனில் 40 நாள் வகுப்புக்குப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பாபிலோனியத் தல்மூத் 2,700 தாளுக்கு மேல். நாளுக்கு ஒரு தாள் என்று 1923 முதல் படிக்கிறார்கள். ஒரு சுற்று முடிய ஏழரை வருடம் (நம்ம ஏழரை வேறு). அதை 40 நாளில் பிழிந்து தருகிறேன் என்பவர் தரப்போவது பொன்மொழித் தொகுப்பு. ‘தல்மூத் சொல்லும் பண ரகசியம்’ விற்பவர், சிவப்புக் கயிறு விற்பவர் எல்லாரும் ஒரே கடைத்தெரு. மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் செஃபாரியா தளத்தில் இலவசம்.

ஜெபங்களைப் பற்றிய பெராக்கோத் பகுதியில் தொடங்குங்கள். முதல் கேள்வியே, மாலை ஷெமாவை (‘கேள், இஸ்ரவேலே’ என்று தொடங்கும் விசுவாச அறிக்கை) எப்போதிலிருந்து சொல்லலாம் என்பதுதான். நள்ளிரவு வரை என்கிறார்கள் ஞானிகள்; விடியும்வரை என்கிறார் ரபான் கமாலியேல். அவர் பிள்ளைகள் கல்யாண விருந்திலிருந்து நேரங்கழித்து வந்து, “ஷெமா சொல்லவில்லை” என்கிறார்கள். “விடியவில்லை என்றால் சொல்லித்தான் ஆகவேண்டும்” என்கிறார் அப்பா. நள்ளிரவு என்பது, ஆள் தள்ளிப்போட்டுத் தூங்கிவிடாமல் இருக்கப் போட்ட வேலி. சட்டத்துக்குள் ஒரு வீடு தெரிகிறதா?

அப்புறம் 29ஆம் தாள். ஜெபத்தை வாடிக்கையாக்கினால் அது மன்றாட்டே இல்லை என்கிறார் ரபி (மதகுரு) எலியேசர். எது வாடிக்கை? சுமையாகத் தெரிந்தால், என்கிறார் ஒருவர். புதிதாக ஒரு சொல்கூடச் சேர்க்க முடியாவிட்டால், என்கிறார்கள் வேறு இருவர். உங்கள் புகார் அங்கே ஏற்கெனவே விசாரணைக்கு வந்தாயிற்று.

ஒரு விலக்கு, இதை நிதானமாகப் படியுங்கள். பெண்களுக்கு ஷெமாவும் தெஃபிலீனும் (ஜெபிக்கும்போது கையிலும் நெற்றியிலும் கட்டும் வேத வசனப் பெட்டிகள்) கட்டாயமில்லை என்கிறது தல்மூத்துக்கு அடிப்படையான சட்டநூல் மிஷ்னா. இதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘பெண்களுக்கு ஜெபமே வேண்டாம்’ என்பவர்கள் உண்டு. அதே வரியிலேயே ஜெபம், மெசூசா (வாசல் நிலையில் பதிக்கும் வேத வசனச் சுருள்), சாப்பாட்டுக்குப் பிந்தைய நன்றி மூன்றும் கட்டாயம் என்றும் இருக்கிறது. ஷெமாவுக்கு விலக்கு, ஜெபத்துக்கு இல்லை, இரண்டும் வேறு. காரணம் 20ஆம் தாளில்: ஜெபம் என்பது இரக்கம் கேட்பது. எத்தனை வேளை என்பதில் பிற்கால ரபிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ரபியிடம் கேளுங்கள்.

யெஷிவா எனும் தல்மூத் பாடசாலைகளில் புதுப் பையன்களைப் பெரும்பாலும் தொலைந்த பொருள் யாருக்குச் சேரும் என்ற வழக்கில்தான் உட்காரவைக்கிறார்கள். மூளைக்கு நல்ல பயிற்சிதான். தினம் மூன்று வேளை சொல்லும் ஜெபத்தைப் பற்றிய பகுதியை ஏன் முதலில் தருவதில்லை என்று கேட்டால், ‘வழக்கம்’ என்பார்கள். சரி, விடுங்கள்.

தனியாகப் படிக்காதீர்கள். ஜோடி சேர்ந்து சத்தமாக வாசித்து வாதாடுவதுதான் முறை, ஹவ்ரூத்தா என்பார்கள். வாரம் அரைப் பக்கம் போதும். ஜோடியாகக் கணவர் வேண்டாம். எதிர்த்துப் பேசத் தயங்காத ஒரு தோழியைப் பிடியுங்கள்.