வளைந்த றோலரும் வயலில் நிற்கும் இயந்திரமும்

கேள்வி: காலபோக அறுவடையில், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில் அறுவடை இயந்திரம் வரம்பேறி இறங்கியபோது, அது ஓடும் இறப்பர்ப் பட்டியைத் தாங்கும் இடப்பக்கக் கீழ் றோலர் (உருளை) ஒன்று தண்டோடு வளைந்துவிட்டது. சண்டைக் காலத்தில் டாங்கிகளின் சங்கிலியைச் சுருக்கி ஓட்டினார்கள் என்கிறார் சித்தப்பா. நாங்களும் பட்டியைச் சுருக்கலாமா? (படம் இணைத்துள்ளேன்.)
- கிளிநொச்சி வாசகர்

பதில்: பட்டியில் கத்தி வைக்காதீர்கள், தம்பி. சித்தப்பா சொல்வது பொய்யல்ல. 36 தொன் நிறையுள்ள டி-55 டாங்கியின் சங்கிலி, இரும்புக் கண்ணிகளை ஊசிகளால் கோத்தது. சக்கரமோ அதைத் தாங்கும் முறுக்குத் தண்டோ போனால், ஊசியைத் தட்டியெடுத்துச் சில கண்ணிகளைக் குறைத்து, மிஞ்சிய சக்கரங்களில் சுற்றி நகர்த்தலாம். உங்களுடையதோ உள்ளே உருக்குக் கம்பி ஓடும் ஒற்றை இறப்பர் வளையம். வெட்டினால் குப்பைதான்.

நெல் தொட்டியைக் காலியாக்கி, வெட்டுத்தலையைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். ஜாக்கின் கீழே பனங்குற்றி வையுங்கள். உடலுக்கும் முட்டுக் கொடுங்கள். பட்டியைத் தளர்த்தி, வளைந்த றோலரைக் கழற்றி, மறுபடி இறுக்கி, கிட்டிய மேட்டுக்கு நேராக, மெதுவாக ஓட்டுங்கள். அறுக்க வேண்டாம்.

கெட்டது பட்டியைச் சுழற்றும் பற்சக்கரமாகவோ, இறுக்கிப் பிடிக்கும் கடைசிச் சக்கரமாகவோ இருந்தால் ஓரடிகூட நகர்த்தாதீர்கள். "மேடு கிட்டத்தானே" என்பார்கள். வேண்டாம். பட்டி பாதியில் கழன்று, கியர்ப் பெட்டியையும் சேர்த்துக் கெடுக்கும். அப்படியானால் இயந்திரம் நிற்கும் இடத்திலேயே திருத்த வேண்டும், சேறென்றாலும்.

படத்தில் தண்டடியில் துருநிறக் கிறீஸ் வழிகிறது. வைக்கோல் சுற்றி, கிறீஸை உள்ளே அடைத்து வைக்கும் "சீல்" வளையத்தை அறுத்திருக்கிறது. வரம்பு கடைசி அடியைத்தான் கொடுத்தது. மற்ற றோலர்களையும் பாருங்கள்.

இனி உதிரிப்பாகத் தரகர் வருவார். தண்டை வெல்டிங் செய்யலாம் என்பார். அது கடினப்படுத்திய உருக்கு, ஒட்டின் ஓரத்திலேயே வெடிக்கும். "ஒரிஜினல்" என்று பெட்டியோடு நீட்டுவார். பெட்டியை விடுங்கள், றோலரைக் கையால் சுழற்றுங்கள். புதியது சீலின் பிடிப்பால் இறுக்கமாகத் திரும்பும். பம்பரம்போல் சுற்றினால் திருப்பிக் கொடுங்கள். காலபோகம் ஆண்டுதோறும் இதே மாதங்களில்தான் வருகிறது. லீசிங் தவணையும் நாள் தவறுவதில்லை. றோலர் மட்டும் கொழும்பிலிருந்து எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. தரகருக்கு வாழ்வே அந்த இடைவெளியில்தான்.

பழைய றோலரை அவரிடம் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். அடுத்த போகத்தில் கறுப்புப் பெயின்ற் பூசி, "புதியது" என்று என்னிடமே கொண்டுவந்தார்.