மேலப்பாளையம் போன கிடாக்குட்டி – கடிதமும் பதிலும்

அண்ணாச்சி, வணக்கம்.

உங்கள் சிறுவர் நாவலை மகளுக்கு ராத்திரிதோறும் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஆடும் கோழியும் பேசிக்கொள்கிற இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கிடாக்குட்டியை மேலப்பாளையம் சந்தைக்குக் கொண்டுபோகிற அத்தியாயத்தில் அழுது தீர்த்துவிட்டாள். அதோடு புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டாள். குட்டியை எப்படியாவது தப்பிக்க வைத்திருக்கக் கூடாதா? தங்களுக்குள் பேசுகிற ஆடுகள் வீட்டுக்காரர்களிடம் ஏன் பேசுவதில்லை? கதை நடக்கிற ஊர் எது என்றும் கேட்கிறாள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

லேசான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், வீரவநல்லூருக்கும் பத்தமடைக்கும் நடுவில் எங்கே வைத்துக்கொண்டாலும் பொருந்தும். ஊரைவிட எனக்குக் காலம்தான் முக்கியமாக இருந்தது. பிசான நெல் அறுப்பு முடிந்து வயலெல்லாம் அரிதாளாகக் கிடக்கிற பங்குனி மாதம். அப்போதுதான் வானம் பார்த்த சீமையிலிருந்து செம்மறிகள் கிடை போட, அதாவது ராத்திரி வயலிலேயே மந்தையாக அடைந்து கிடக்க வரும். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், அதற்காக வயல்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுப்பார். சிந்தின நெல்லையும் நத்தையையும் பொறுக்க வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். தொழுவத்தைத் தாண்டாத வீட்டு ஆடும், ஊர் ஊராக நடக்கிற கிடை ஆடும் ஒரே வரப்பில் சந்திக்க வேறு காலம் ஏது? மற்ற நெல் பருவமான காரில் வயலில் பயிர் நிற்கும், ஆடு கயிற்றில் நிற்கும்.

ஒவ்வொன்றின் குணத்தையும் அதன் உடம்பிலிருந்தே எடுத்தேன். வெள்ளாடு பின்னங்காலில் எழும்பி நின்று உடைமரக் கொப்பை வளைத்து, முள்ளுக்கு நடுவில் இலையை மட்டும் உருவும். அதனால்தான் கதையில் வருகிற வெள்ளாடு செங்கன்னி எட்டாததையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். செம்மறிகள் உச்சி வெயிலில் ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையைச் சொருகிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் முதுகுகள் மட்டும்தான் தெரியும். கதையிலும் அவை தனியாகப் பேசுவதில்லை, எல்லாம் சேர்ந்தே பதில் சொல்லும். கோழி பருந்துக்கு ஒரு சத்தம் கொடுக்கும், பூனைக்கு வேறு சத்தம். குஞ்சுகளுக்கு அது தெரியும். வாத்து முட்டையைக் கோழியில் அடை வைத்தால் பொரிக்க 28 நாள் ஆகும். குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கினதும் கரையில் அந்தத் தாய் படுகிற பாட்டுக்கு நான் கற்பனையாக எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

மனுஷரிடம் அவை பேசிவிட்டால், வீட்டுப் பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். வால் தொங்குவதையும் அசை போடாமல் ஒதுங்கி நிற்பதையும் வைத்தே ஆட்டுக்குச் சுகமில்லை என்று அவள் கண்டுபிடிக்கிறாள். எனக்கு அந்தக் கவனிப்பு வேண்டும்.

குட்டியைத் தப்பிக்க வைக்க என்னால் முடியாது, தம்பி. கன்னி ஆடு நம் பக்கத்து இனம். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையென்றால் பால்கன்னி, செம்மையென்றால் செங்கன்னி. பெட்டையை வளர்ப்புக்கு வைத்துக்கொள்வார்கள், கிடா விலைக்குப் போகும். மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை. பக்ரீத் நெருங்கினால் கூட்டத்தைச் சொல்ல வேண்டாம். அங்கே போகிற குட்டிகளில் பிள்ளைகள் பாட்டிலில் பால் புகட்டி வளர்த்ததும் உண்டு. அந்தப் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். கடைசி நேரத்தில் யாரோ காசு கொடுத்து மீட்டதாக எழுதினால், எங்கள் குட்டியை மட்டும் ஏன் யாரும் மீட்கவில்லை என்று கேட்பார்களே. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

விற்ற பிறகு வருகிற நாட்களைத் தாண்டிப் போகாமல் எழுதினேன். தாயாடு இரண்டு மூன்று நாள் கத்திக்கொண்டே இருக்கும், தீவனம் இறங்காது. விற்ற காசில் அப்பா எடுத்துக் கொடுத்த பாவாடையை அந்தப் பிள்ளை உடுத்த மாட்டேன் என்கிறாள். சந்தை அத்தியாயத்தைவிட இந்த இரண்டும் நீளம்.

பாப்பாவைத் தேற்றுவதற்காக வேறு முடிவு எதையும் சொல்லிவிடாதீர்கள். மிச்சத்தையும் வாசித்துக் காட்டுங்கள். செங்கன்னி பெட்டை, அவளை விற்க மாட்டார்கள். அடுத்த பிசான அறுப்புச் சமயத்தில் இரண்டு குட்டி போடுகிறாள். ஒன்று கிடா. அதற்குப் பாப்பா என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.