தூங்கவைத்து மலையேற்றாதீர்கள்

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறோம். பனிமலை உச்சியில் நிற்க வேண்டும் என்பது என் கணவரின் பல வருட ஆசை. மகளுக்கு 7 வயது, மகனுக்கு 1 வயது 8 மாதம். யுங்ஃப்ராவ்யோக் போவதா, டிட்லிஸ் போவதா? கோடைதானே, எவ்வளவு குளிருடை வேண்டும்? மகன் புது இடம் என்றால் அழுது ஊரைக் கூட்டுவான். சளிக்குக் கொடுக்கும் சிரப்பில் ஒரு மூடி கொடுத்துவிட்டால் தூங்கிவிடுவான், தொந்தரவு இருக்காது என்று தோழி சொன்னாள். மேலே எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்தால் போதும். வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்டது மலையையும் உடையையும் பற்றி. என் கண்ணில் பட்டது அந்த ஒரு மூடி சிரப். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதே வரி எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. விமானப் பயணத்துக்கு ஒருவர் கேட்பார், கல்யாண மண்டபத்துக்கு இன்னொருவர். இந்த முறை மலைக்கு வந்திருக்கிறது. அதனால் "சந்தோஷமாகப் போய் வாருங்கள்" என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

சளி சிரப் தூக்கத்துக்காகச் செய்த மருந்து இல்லை. அதில் கலந்திருக்கும் அலர்ஜி மருந்தின் பக்கவிளைவுதான் தூக்கம். சின்னக் குழந்தைகளுக்கு அந்த வகை மருந்துகள் மூச்சையும் மந்தமாக்கக்கூடும். அவற்றில் ஒன்றான புரோமெதசினை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. உங்கள் சிரப்பில் என்ன மருந்து இருக்கிறது என்று எழுதவில்லை. மூடியில் எத்தனை மில்லி என்றும் எழுதவில்லை. தோழி சொன்னாள், முடிந்தது. பையனைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

இப்போது அந்த மருந்தோடு அவனை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று பாருங்கள். யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து ஊரான கிரிண்டெல்வால்டிலிருந்து ரோப்கார் 15 நிமிடம், பிறகு மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ரயில். ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 2,500 மீட்டர் ஏறிவிடுவீர்கள். கடல்மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். இரண்டு மூன்று மணி நேரம் இருந்து திரும்பும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு லேசான மூச்சிரைப்போடு, கிறுகிறுப்போடு போய்விடும். அவர்களுக்குத் தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல்வார்கள், உட்காருவார்கள், கீழே இறங்குவார்கள்.

உங்கள் மகனுக்கு அப்படிச் சொல்ல வராது. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வயதுப் பிள்ளை சிணுங்கும், பாலைத் தள்ளிவிடும், வாந்தி எடுக்கும், சோர்ந்து தோளில் சாயும். இதை வைத்துத்தான் பெற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதே சோர்வைத்தான் சிரப்பும் தரும். அவன் துவண்டு கிடந்தால் அது மருந்தாலா, மலையாலா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

காதையும் யோசியுங்கள். மேலே குடித்து முடித்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை இறுக மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினால், கீழே வரும்போது யாரோ கையால் பிசைந்ததுபோல நசுங்கியிருக்கும். அந்த அழுத்தம் செவிப்பறைக்கும் உண்டு. எச்சில் விழுங்கினால் அடைப்பு விடும். பால் குடித்தாலும் விடும், வீறிட்டு அழுதாலும் விடும். மருந்து மயக்கத்தில் தூங்குகிற குழந்தை இதில் எதைச் செய்யும்? சளி வேறு இருந்தால் வலி இரட்டிப்பு.

சில வருடங்களுக்கு முன் நானும் அந்த உச்சிக்குப் போயிருக்கிறேன். வெளியே பனியில் ஒருவர் முதுகுப் பையில் பிள்ளையைச் சுமந்தபடி போட்டோவுக்கு நின்றார். நடந்து வந்ததில் அவருக்கு வியர்த்து, ஜாக்கெட்டைத் திறந்துவிட்டிருந்தார். பின்னால் பிள்ளையின் ஒரு ஷூ எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. சாக்ஸ் ஈரம். கழற்றிப் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்தேன். மெழுகு நிறத்தில், கல் மாதிரி சில்லிட்டிருந்தது. சுமக்கிறவருக்குச் சூடு ஏறும், ஓடுகிற பிள்ளைக்கும் ஏறும், அசையாமல் தொங்குகிற காலுக்கு எங்கிருந்து ஏறும்? அந்தப் பிள்ளை அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது. அழுதிருந்தால் அப்பா அப்போதே திரும்பிப் பார்த்திருப்பார்.

நீங்கள் "தொந்தரவு" என்று எழுதியது இந்த அழுகையைத்தான். எனக்குக் கோபம் வந்தது அந்தச் சொல்லில்தான். பேச்சு வராத பிள்ளைக்கு அது ஒன்றுதான் வாய். அந்த வாயை மருந்தால் அடைத்துவிட்டுக் குடும்பப் படம் எடுத்தால், படத்தில் அவன் இருப்பான், அவ்வளவுதான். அந்த மலையைப் பார்த்தவனாக இருக்க மாட்டான்.

பிரான்சில் சாமொனியிலிருந்து 3,842 மீட்டரிலுள்ள எகுய் டு மிடிக்கு ரோப்காரில் போகலாம். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதில் ஏற்றுவதே இல்லை. 5 வயது வரை வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் போகும் இடம் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, டிட்லிஸ் 3,020 மீட்டரில் இன்னும் கொஞ்சம் தாழ்வு. யாரும் வாசலில் தடுக்க மாட்டார்கள் என்பதால் முடிவு உங்கள் பொறுப்பாகிறது. என் பதில்: இரண்டுக்கும் சின்னவன் வேண்டாம்.

உங்கள் கணவரின் ஆசையைக் குறைத்துப் பேசவில்லை. அவர் போகட்டும், மகளும் போகட்டும். அன்று நீங்கள் பையனோடு கிரிண்டெல்வால்டில் இருங்கள். 1,000 மீட்டரை ஒட்டிய ஊர், ஐகர் மலை எதிரிலேயே நிற்கும். அவன் நன்றாகத் தின்று தூங்கி எழுந்திருந்தால், சளியும் இல்லை என்றால், ரோப்காரில் மென்லிஷனுக்குப் போகலாம். 2,200 மீட்டருக்குச் சற்று மேலே, பெரிய மாட்டு உருவத்தோடு குழந்தைகள் விளையாடும் இடம் இருக்கிறது. பனிச்சிகரங்கள் அங்கிருந்தும் தெரியும். உங்களுக்கும் உச்சிக்குப் போக ஆசை இருந்தால் மறுநாள் நீங்கள் போங்கள், கணவர் பையனோடு இருக்கட்டும். "அவருக்குச் சமாளிக்கத் தெரியாது" என்று எனக்கு எழுதாதீர்கள். பெற்றது இரண்டு பேரும். ஒருவர் போக ஒருவர் பிள்ளையோடு நிற்பதுதான் குடும்பம் என்று நான் நம்புகிறேன். ஒரு சட்டத்துக்குள் நான்கு முகம் தெரிய வேண்டும் என்பது போட்டோக்காரரின் கவலை. அந்த ரயில் 1912-லிருந்து ஓடுகிறது. பையனுக்கு ஏழு வயதாகும்போதும் ஓடும்.

உடை விஷயம் சுருக்கமாக. ஜூலையிலும் மேலே சுற்றிலும் பனிதான், வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். மகளுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், காதை மூடும் தொப்பி, நனையாத ஷூ. கான்வாஸ் ஷூ வேண்டாம். கையுறை இரண்டு ஜோடி வையுங்கள். முதல் ஜோடி பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். எல்லோரும் மறப்பது வெயிலை. உயரம் ஏற ஏற புற ஊதாக்கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நல்ல கறுப்புக் கண்ணாடி, முகத்துக்கு சன்ஸ்கிரீன். மூக்குக்கும் தாடைக்கும் அடியிலும் தடவுங்கள், ஏனென்றால் வெயில் கீழிருந்தும் வரும்.

டிக்கெட்டை முடிந்தால் அன்று காலை உச்சியின் நேரடி கேமராக் காட்சியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேகம் மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள்.

கணவரிடம் ஒன்று மட்டும் கிளம்பும்முன் பேசி வையுங்கள். மகள் மேலே "அப்பா, தலை வலிக்குது" என்றால் நடிக்கிறாள் என்று நினைக்க வேண்டாம், "இன்னும் ஒரே ஒரு போட்டோ" என்று நிறுத்தவும் வேண்டாம். கீழே இறங்குவதுதான் அதற்கு மருந்து. அரை மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது. அடுத்ததில் அவளை ஏற்றிவிடச் சொல்லுங்கள்.